ராஜாவுக்கு இடுப்பு முப்பத்தெட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மடியில் ஒரு மயில் கிடந்தது. நிஜ மயில் இல்லை. என் தையல் ஷெட்டில் காஜா மிஷின் ஓட்டும் ஒடிசாக்காரப் பெண்ணின் மகள் பள்ளிக்கூட விழாவில் மயிலாக ஆடப்போகிறாள். அவளுக்காக நான் தைத்துக்கொண்டிருந்த உடை. நீலச் சாட்டின், கழுத்தைச் சுற்றிப் பச்சைச் சமிக்கி, தோகையில் மட்டும் அறுபத்து நான்கு கண். கடையில் வாடகைக்கே கிடைக்கிறதே என்றார்கள். கிடைக்கும். பத்துப் பிள்ளைகள் வேர்த்துவிட்டுப் போன மயில், ஊக்கு குத்திக் குத்தி வயிறெல்லாம் ஓட்டையான மயில். என் ஷெட்டுக் குழந்தைக்கு அது எதற்கு?

எதிரே, சில்வர் டம்ளரில் சாய்த்து வைத்த செல்போனில் எழுத்துப் பயிற்சி வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆமாம், சேர்ந்திருக்கிறேன். அறுபத்தாறு வயதில் உனக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். கேட்டவர்களோடு நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். வகுப்பெடுக்கிற பெண் என் மகனைவிடச் சின்னவள். கெட்டவள் இல்லை. ஒவ்வொருவராகத் தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். என் முறை வந்தது. கும்மிடிப்பூண்டி, தையல், கொஞ்சம் எழுத்து என்று சொன்னேன். கை மட்டும் சமிக்கியை விடவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவள் கைதட்டினாள்.

"சூப்பர் ஆன்ட்டி! ரிட்டயர்டு லைஃப்ல டைம் பாஸுக்கு ரெண்டு ஹாபி. எப்படி ரெண்டையும் பேலன்ஸ் பண்றீங்க? அதையே ஒரு கட்டுரையா எழுதிட்டு வாங்களேன்."

ஊசி விரலில் ஏறிவிட்டது.

நீங்களே சொல்லுங்கள். ரிட்டயர்டா? நானா? என் ஷெட்டில் நாற்பத்திரண்டு மிஷின் ஓடுகிறது. சிப்காட்டில் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் வந்து நின்று பாருங்கள். எதிரே வருகிற மூன்று பேரில் ஒருவர் உடம்பில் நான் தைத்த துணி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என்னிடம் கணக்கு எழுதுவது எம்.காம். படித்தவர். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் டைம் பாஸ் என்ற வார்த்தைதான் தொண்டையில் மாட்டிக்கொண்டது. பாஸ் பண்ணுவதற்கு என்னிடம் எப்போது டைம் இருந்தது? ஐந்து நிமிடம் கூட இல்லாத காலத்தில் பிடித்த பழக்கங்கள் இவை. அதற்கு நான் கொடுத்தது என்ன, அதில் என்னிடமிருந்து பிடுங்கப்பட்டது என்ன என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? கட்டுரைதானே கேட்டாள். எழுதுகிறேன்.

புதுச் சாட்டினுக்கு ஒரு வாசனை உண்டு. மண்ணெண்ணெயும் பவுடரும் கலந்தது மாதிரி. மூக்கருகில் கொண்டுபோனால் எனக்கு உடனே கட் பீஸ் பாய் ஞாபகம் வந்துவிடும். பழவேற்காட்டிலிருந்து சைக்கிளில் வருவார். கேரியரில் ஆளுயரத்துக்குத் துணி மூட்டை. வாரம் ஒருமுறை நான் வேலை பார்த்த தையல் கொட்டகை வாசலில் சைக்கிளைச் சாய்ப்பார். அது ஒரு ஸ்டீல் குழாய் ஃபேக்டரிக்கு எதிரில் இருந்த தகரக் கொட்டகை. உள்ளே பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு மிஷின். எதிர் ஃபேக்டரியின் தொழிலாளிகளுக்கு வருடத்துக்கு இரண்டு செட் யூனிஃபார்ம் நாங்கள்தான் தைப்போம். எல்லாம் காக்கி. காக்கிக்குக் கஞ்சி வாசனை தவிர வேறு வாசனை கிடையாது. காலையிலிருந்து மாலை வரை காக்கியையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்கு ஒரு பசி வரும். பாயின் மூட்டை அவிழும்போது பன்னிரண்டு பேரும் மிஷினை நிறுத்திவிட்டு ஓடுவோம். மற்றவர்கள் ஜாக்கெட்டுக்கு எடுப்பார்கள். நான் ராஜாவுக்கு எடுத்தேன்.

"தங்கச்சி, இன்னா தைக்கப் போற?" என்றார் பாய்.

"ராஜா சட்டை பாய்."

"ராஜாவா? அப்போ இந்த ரோஸ் வாணாம்மா. மேடை லைட்டுல வெளுத்துப்பூடும். மெரூன் எட்து வெய்யி. கெத்தா இருக்கும்."

ராஜா யார் என்று கேட்கிறீர்களா? எதிர் ஃபேக்டரியில் ஆயுத பூஜை முடிந்த கையோடு ஆண்டு விழா நடக்கும். பந்தல் போட்டு, குடும்பத்தோடு எல்லோரும் உட்கார, தொழிலாளிகளே நாடகம் போடுவார்கள். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் அங்கே ஃபிட்டர். அதனால் நானும் போவேன். முதல் வருடம் பார்த்தேன். சென்னையிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்த உடை, அந்துருண்டை நாற்றம், ராஜாவின் கோட்டு அக்குளில் ஒரு சாண் கிழிசல். வசனம் அதைவிட மோசம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரத்திடம் சிரித்துக்கொண்டே சொன்னேன், இதைவிட நான் நன்றாகத் தைப்பேன், நன்றாக எழுதவும் செய்வேன் என்று.

"பேசறது ஈசிமே. எழ்திப் பாரு, தெரியும்" என்றார்.

சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் என்னிடம் அப்படிச் சொல்லக்கூடாது.

ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கத் திருவள்ளூருக்கு அலைந்த நாட்களில், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் ஒரு போர்டு பார்த்திருந்தேன். கதை, நாடகம் எழுதப் பயிற்சி, ஞாயிறு காலை. டைப்ரைட்டிங் மாஸ்டரே நடத்தினார். போய் நின்றேன். உள்ளே எட்டு ஆண்கள், அதில் பாதிப் பேர் கோர்ட்டு குமாஸ்தாக்கள்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கேம்மா?" என்றார் மாஸ்டர்.

"அஞ்சாவது சார்."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை, ஆனால் கையை விரித்தார். "இங்க டிகிரி படிச்சவங்களே திணறுறாங்கம்மா."

"திணறட்டும் சார். நான் ஓரமா குந்திகினு பாக்கறேன்."

அப்படித்தான் சேர்ந்தேன். கும்மிடிப்பூண்டியில் ஆறு மணி பஸ் ஏறி, பெரியபாளையத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்துத் திருவள்ளூர் போய்ச் சேருவதற்குள் உடம்பு ஒரு சுற்று இளைத்துவிடும். ஆடி மாதத்து ஞாயிறுகளில் பவானி அம்மன் கோவிலுக்கு வரும் கூட்டம் ரோட்டையே மறித்துக்கொள்ளும். பஸ் முழுக்க வேப்பிலை வாசம். ஒரு காலில் நின்றபடி போன வாரம் மாஸ்டர் சொன்னதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போவேன். ராஜாவின் உடையைத் தைக்க ஆரம்பித்ததும் டிபன் டப்பாவில் சமிக்கியும் ஊசியும் எடுத்துப் போனேன். மாஸ்டர் பாடம் நடத்தும்போது ராஜாவின் இடுப்புப் பட்டையில் சமிக்கி கோர்த்தேன்.

"அம்மா, இது எழுத்து வகுப்பு. தையல் வகுப்பு இல்ல."

"கைதான் சார் தைக்குது. காது உங்ககிட்டதான் கீது."

அதற்குப் பிறகு அவர் கேட்டதில்லை. ஒருநாள், தேவையில்லாத வார்த்தையை வெட்டி எறியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன். முழுசா வெட்டக்கூடாது சார், உள்ளே அரை அங்குலம் மடித்து விட வேண்டும், பிறகு பிரித்து விட வேண்டி வரும் என்றேன். எட்டுப் பேரும் மறுபடி சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் அதை அவருடைய நோட்டில் எழுதிக்கொண்டார். என்னைக் கேட்காமல்தான் எழுதினார், போகட்டும்.

வீட்டில் வேறு கூத்து. ஞாயிறு என்றால் கறி. "நீ பாட்டுக்கு பையத் தூக்கிகினு போய்ட்டா யாரு ஆக்கறது?" என்பார் ஏகாம்பரம். "நீ ஆக்கு" என்பேன். முதல் இரண்டு வாரம் அடி பிடித்தது. மூன்றாவது வாரத்திலிருந்து அவர் கறிக்குழம்புக்கு எங்கள் தெருவிலேயே மதிப்பு உண்டாகிவிட்டது. அவர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் நான் திட்டப்போவதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

எழுத நோட்டு வாங்கவில்லை. கொட்டகையில் அளவு வெட்டும் பிரவுன் பேப்பர் மலையாய்க் கிடந்தது, அதில் எழுதினேன். எனக்கு இரண்டு மிஷின் தள்ளி உட்கார்ந்திருந்த சரோஜா ஒருமுறை தெரியாமல் என் மூன்றாம் காட்சியைக் காலர் அளவுக்கு வெட்டிவிட்டாள். மந்திரியின் வசனம் காலரில், ராணியின் அழுகை கைப்பட்டையில். ஒட்டவைத்துப் படித்தபோது ராணி அழுவதற்கு முன்பே மந்திரி ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அது நன்றாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

நாடகத்தை எழுதி முடித்து ஏகாம்பரம் மூலமாக ஃபேக்டரி பர்சனல் ஆபீசருக்குக் கொடுத்தனுப்பினேன். அவர் படித்துப் பார்த்து, டைப் அடித்து, ஆட்களைத் தேர்ந்தெடுத்தார். கிரேன் ஆபரேட்டர் தேவராஜ் ராஜா. கேன்டீன் சூப்பர்வைசர் மந்திரி. உடைக்கு அளவு வேண்டுமே? ஆண்களின் உடம்பில் டேப் வைத்து அளக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. யூனிஃபார்ம் ரிஜிஸ்தர் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு தொழிலாளியும் தன் அளவைத் தானே சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பான். அதைப் பார்த்துத்தான் காக்கி தைப்போம். அதையே பார்த்து ராஜாவுக்கும் தைத்தேன். தேவராஜ், இடுப்பு முப்பத்தெட்டு. பத்து வாரம், மெரூன் சாட்டின், இடுப்பைச் சுற்றி ஆறு வரிசை சமிக்கி.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது போட்டுப் பார்த்தார்கள். தேவராஜ் உள்ளே நுழைந்தான். நின்றான். ராஜாவின் நிஜார் மட்டும் தரையில் இருந்தது.

அவனுக்கு இடுப்பு முப்பத்தொன்று. சேனாதிபதிக்கும் அப்படியே. காவலாளிகளுக்கும். எல்லோர் உடையும் கூடாரம் மாதிரி தொங்கியது. மந்திரி ஒருவருக்கு மட்டும் அளந்து தைத்தது போல உட்கார்ந்தது.

"தேவராஜு, ரிஜிஸ்தர்ல முப்பத்தெட்டுன்னு நீதான கையெழ்த்து போட்டுக்கிற?"

அவன் நிஜாரை இழுத்துப் பிடித்துக்கொண்டு தலையைச் சொறிந்தான். "அது வந்துக்கா... அல்லாரும் அப்டித்தான் குடுப்பாங்க. ஏழு இஞ்சி எச்சா குடுத்தா, பஸ் ஸ்டாண்டுல டைலராண்ட குடுத்து ஆல்டர் பண்ணிகினா, மிச்சத் துணில பையனுக்கு ஒரு அரை டவுசர் வந்துரும்."

விஷயம் புரிகிறதா? முழு ஃபேக்டரியும் பொய் அளவு கொடுத்திருக்கிறது. வருடா வருடம். நான் ஷிஃப்ட் விடும்போது கொட்டகை வாசலில் நின்று பார்ப்பேன். ஆட்கள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொருவன் உடம்பிலும் காக்கி அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ஆகா, என் கைவாகு என்று பூரித்துப் போவேன். அதெல்லாம் எவனோ ஒரு பஸ் ஸ்டாண்டு டைலரின் கைவாகு! மந்திரிக்கு மட்டும் சரியாக இருந்தது ஏன் என்றால், அவர் உடம்புக்கு மேல் ரிஜிஸ்தரில் அளவே கிடையாது. பொய் சொல்ல இடமில்லை.

வீட்டுக்குப் போய் ஏகாம்பரத்தைப் பிடித்தேன். அவர் யூனிஃபார்மை மட்டும் நான் தனியாக அளந்து தைப்பதால் அவர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"இதெல்லாம் சொல்ற மேட்டராமே? அவன் அவன் புள்ளைக்கி டவுசரு."

இரண்டு நாள்தான் இருந்தது. இடுப்பைப் பிரித்தால் ஆறு வரிசை சமிக்கியும் உதிர்ந்துவிடும். அழுதேன் என்று நினைக்காதீர்கள். அன்று மாலை பிரவுன் பேப்பரை விரித்துப் போட்டு, துணியைக் குறைக்க முடியாவிட்டால் கதையைப் பெரிதாக்குவோம் என்று உட்கார்ந்தேன். சட்டை தொளதொளவென்று இருந்தால் இருக்கட்டும். ராஜா இளைத்துவிட்டார். சேனாதிபதி இளைத்துவிட்டார். காவலாளிகள் இளைத்துவிட்டார்கள். நாட்டில் ஒரே ஒருவர் மட்டும் இளைக்கவில்லை, மந்திரி. புதிதாக ஒரு காட்சி எழுதினேன். ராஜா தன் சட்டையைப் பார்த்துக்கொண்டு மந்திரியிடம் பேசுகிற காட்சி. மறுநாள் ஒத்திகையில் கேன்டீன் சூப்பர்வைசருக்கு முதலில் விளங்கவில்லை. மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த பிறகுதான், கேன்டீன் சாம்பாரைப் பற்றித்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று புரிந்தது. நல்ல மனிதர், அவரும் சிரித்துவிட்டார்.

நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல காட்சி. இன்றைக்கும் சொல்கிறேன். என் தப்பை என் பேனாவாலேயே தைத்தேன். அந்த வாத்தியாரம்மா பேலன்ஸ் பேலன்ஸ் என்கிறாளே, அது இதுதான்.

விழா அன்று மத்தியானம் நோட்டீஸ் வந்தது. பச்சைத் தாளில் அச்சடித்தது. கதை, வசனம் என்ற இடத்தில் பர்சனல் ஆபீசர் பெயர். கடைசி வரியில் சின்ன எழுத்தில்: உடை, தையல் பிரிவு.

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். அதனால் அந்த நோட்டீஸைப் படிக்க நேரமானது. ஒவ்வொரு எழுத்தாக ஏறியது.

மேடைக்குப் பின்னால், தார்ப்பாய் மறைவில் ராஜா நின்றுகொண்டிருந்தான். கதைப்படி தொளதொளப்பு சட்டையில் இருக்கலாம், நிஜாரில் இருக்க முடியாதே. இடுப்பை மடித்து உடம்போடு வைத்து ஊசியால் தைத்துவிட்டால்தான் அவன் மேடை ஏற முடியும். அதை நான் மட்டும்தான் செய்ய முடியும். பந்தல் நிறைந்துவிட்டது. பர்சனல் ஆபீசர் வேர்க்க வேர்க்க வந்தார்.

"என்னம்மா, ராஜா ரெடியா?"

"ராஜா ரெடி சார். ஊசிதான் ரெடியில்ல."

ஊசியை என் புடவை முந்தியில் குத்தி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். நோட்டீஸைக் காட்டினேன்.

"அட, இதுக்கா? ஃபேக்டரியிலேர்ந்து எந்தப் பேப்பர் வெளிய போனாலும் என் பேர்லதாம்மா போகணும். அது ரூல். லீவு லெட்டர் கூட அப்படித்தான்."

"லீவு லெட்டர நீங்களே வெச்சிக்குங்க சார். ராஜா என்னுது."

தேவராஜ் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். "யக்கா, வெள்ளாடாதக்கா. மொதலாளி ஊட்டம்மா மொத வரிசைல குந்திகினு கீறாங்க. ரெண்டு கையும் இத்த புடிச்சிகினு இருந்தா கத்திய யாரு புடிப்பா?"

"நான் புடிக்கிறேன், நீ வசனத்த மட்டும் சொல்லு" என்றார் மந்திரி.

"சும்மா கெடய்யா. ஏற்கெனவே ஒன்னாலதான் இளைச்சிப்பூட்டேன்."

நான் சிரிக்கவில்லை. ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ராஜாவின் இடுப்பைப் பார்த்தார். "சரிம்மா. நாடகம் முடிஞ்சதும் மைக்ல சொல்லிடறேன். நீதான் எழுதினேன்னு."

"சத்தியமா?"

"சத்தியமா."

தைத்தேன். நாடகம் நடந்தது. சட்டைக் காட்சியில் பந்தல் அதிர்ந்தது. பாய்லர் ஆட்கள் நாற்காலி மேல் ஏறி விசிலடித்தார்கள். முதலாளி குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் தார்ப்பாய் ஓட்டை வழியாக என் கண்ணாலேயே பார்த்தேன். முடிந்ததும் தேவராஜ் ஓடிவந்து, அக்கா அவுத்து வுடு, மூச்சு முட்டுது என்றான். நான் மண்டிபோட்டு அவன் இடுப்புத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கும்போது மைக் பேசியது.

"இந்த அருமையான நாடகத்தின் கதை, வசனம், திருமதி ஏகாம்பரம் அவர்கள்! அவர்கள் சார்பில் பொன்னாடையைப் பெற்றுக்கொள்ள ஃபிட்டர் ஏகாம்பரத்தை மேடைக்கு அழைக்கிறோம்!"

என் பெயர் நாலு எழுத்து. மைக்கில் சொல்ல ஒரு மூச்சு கூட ஆகாது.

கையில் ஊசி, எதிரே அரை அவிழ்ந்த ராஜா. தார்ப்பாயை விலக்கிக்கொண்டு நான் ஓடினால் முதலாளி அம்மா முன்னால் ராஜாவின் கதி என்ன? தார்ப்பாய் ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஏகாம்பரம் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு ஏறினார். குனிந்தார். பொன்னாடை விழுந்தது. கைதட்டல் நாடகத்துக்குத் தட்டியதைவிடப் பலமாக இருந்தது. அல்லது எனக்கு அப்படிக் கேட்டது.

பிறகு ஆபீசரைப் பிடித்துக் கேட்டேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "பொம்பள பேர எப்படிம்மா பளிச்சுனு மைக்ல சொல்றது? மரியாதைக்குத்தானே அப்படிச் சொன்னேன்!" மரியாதை! அந்த ஒரு மரியாதையைச் செரிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

வீட்டில் பொன்னாடையை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு ஏகாம்பரம் செருப்பைக் கழற்றினார்.

"கூப்ட்டாங்க, போனேன். நான் இன்னா பண்ணட்டும்?"

"நான் எழுதல, அவதான் எழ்துனான்னு சொன்னியா?"

"யாரும் கேக்கலியே."

அதுகூடப் பரவாயில்லை. மறுவாரம் ஃபேக்டரி எதிரில் டீக்கடைப் பக்கம் போனேன். உள்ளே பத்துப் பேர் சூழ, இவர் குரல். "அந்த சட்ட சீனு எப்டித் தோணிச்சின்னா..." என்று ஆரம்பித்து, கையை ஆட்டி ஆட்டி, எப்படித் தோன்றியது என்று விளக்குகிறார்! எனக்கே தெரியாத விளக்கம். கேட்டவர்கள் எல்லாம், "இன்னா மூள நைனா ஒனக்கு" என்கிறார்கள். நான் உள்ளே போய்ச் சண்டை போடவில்லை. அது அப்போதைய புத்தி. அடுத்த யூனிஃபார்மை அவர் அளவுக்கு, ஒரு நூல்கூட விட்டுவைக்காமல் தைத்துக் கொடுத்தேன். மூன்று மாதம் அவரால் ஷிஃப்டில் குனிய முடியவில்லை, நின்றுகொண்டே டீ குடித்தார். ஏன் என்று கேட்கவும் இல்லை. தெரிந்திருக்கும்.

அடுத்த வருடம் மறுபடி எழுதச் சொல்லி ஆபீசர் ஆள் அனுப்பினார். நோட்டீஸில் என் பெயர், என் பெயர் மட்டும், அச்சில் வந்தால் எழுதுகிறேன் என்றேன். சரி என்றார். ஆனால் அந்த வருடம் ஃபேக்டரியில் வேலை நிறுத்தம். விழா இல்லை. அதற்கடுத்த வருடம் கதவே மூடிவிட்டது. ஆக, என் பெயர் அச்சில் வரவே இல்லை.

கதவு மூடியபோது ஏகாம்பரம் வீட்டில் உட்கார்ந்தார். தகரக் கொட்டகையும் ஓய்ந்தது. அதிலிருந்து இரண்டு பழைய மிஷினை நான் எடுத்துக்கொண்டேன். அந்த இரண்டுதான் இன்று நாற்பத்திரண்டு. நான் தைக்கிற ஃபேக்டரிகளில் எல்லாம் என் ஆட்கள் நேரில் போய் டேப் வைத்து அளக்கிறார்கள். ரிஜிஸ்தர் கிஜிஸ்தர் எதையும் நான் நம்புவதில்லை. ஏகாம்பரம் என்னிடமே டெலிவரி பார்த்தார். யாராவது வந்து "ஓனர் கீறாரா?" என்று அவரைக் கேட்டால், பின்பக்கம் கை காட்டி, "ஓனரு அங்க மிஷின்ல குந்திகினு கீறாங்க" என்பார். அதில் ஒரு குறையும் வைத்ததில்லை. நாடக விஷயத்தை மட்டும் அவர் யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவரும் சொல்கிறேன், சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஆறு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஃபேக்டரி இருந்த இடத்தில் இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். திருவள்ளூர் டைப்ரைட்டிங் மாடியில் செல்போன் ரிப்பேர். மாஸ்டரும் இல்லை, தேவராஜும் இல்லை, மந்திரியும் இல்லை. ஆபீசர் டைப் அடித்த காப்பி ஃபேக்டரியோடு போனது. என் பிரவுன் பேப்பர் கட்டைப் பரண் மேல் வைத்திருந்தேன். ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து, சுவரோடு பரணும் விழுந்து, எல்லாம் கூழாகிவிட்டது. நாடகம் என்று ஒன்று இருந்ததற்கு ஒரு துண்டுத் தாள்கூடக் கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன் கவரைப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மகனோடு போயிருந்தேன். சாப்பாட்டு வரிசையில் ஒரு கிழவர் என்னையே பார்த்தார். பேக்கிங் செக்‌ஷன் மாணிக்கம். அந்தக் காலத்தில் நான் சரியாகப் பேசியதுகூட இல்லாத ஆள்.

"ஏகாம்பரம் ஊட்டம்மாதான நீ?" என்றார். பிறகு என் மகன் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க நைனா ஒரு நாடகம் எழ்திக்கினாரு பாரு, அது மாரி இந்த ஏரியாலயே எவனும் எழ்தல."

"அத எழ்துனது அம்மாங்க" என்றான் மகன். ஆயிரம் முறை என்னிடம் கேட்டு வளர்ந்தவன்.

மாணிக்கம் அவன் தோளைத் தட்டினார். "அம்மாவ வுட்டுக் குடுக்காத புள்ள. நல்லாரு." என்றவர், வரிசையிலிருந்து ஓரடி விலகி நின்று, சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு, தேவராஜ் குரலிலேயே ராஜாவின் வசனத்தைச் சொன்னார். "மந்திரியாரே! என் சட்டைக்குள் இன்னும் ஓர் ஆள் நிற்க இடம் இருக்கிறது..." என்று ஆரம்பித்து, முழுசாக, ஒரு வார்த்தை பிசகாமல். முன்னால் நின்றவர், பின்னால் நின்றவர் எல்லாம் சிரித்தார்கள். பரிமாறுகிற ஆள் வாளியை வைத்துவிட்டுச் சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. "மாணிக்கம், எழ்துனது நானு. அந்தாளு இல்ல" என்றேன். "நீ துணி தச்சம்மா, தெரியும்ல" என்றார். நான் குரலை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார். பொன்னாடை யாருக்குப் போட்டாங்க, என் கண்ணால பாத்தேனே என்றார். மகன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். பஸ் ஏறும்வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான், அந்த வசனத்தை நினைத்துப் பார்த்தேன். முதல் பாதி வந்தது. இரண்டாம் பாதி வரவில்லை. மகனைக் கேட்டேன், எல்லோரும் சிரித்தது மட்டும்தான் அவனுக்கு ஞாபகம். சிரிப்பெல்லாம் அந்த இரண்டாம் பாதிக்குத்தான். அவர் சொன்னபோது என் காதில் விழுந்தது, எழுதியவளுக்கே புதிதுபோல் விழுந்தது. ஆனால் என் வாயில் அடுத்த பேச்சு தயாராக நின்றுகொண்டிருந்ததால் உள்ளே இறங்கவில்லை. நாளைக்கு விசாரிக்கலாம், நாளைக்கு என்று ரோஷத்தில் நாலு மாதம் தள்ளினேன். கடைசியில் கல்யாண வீட்டுக்காரர்களிடம் நம்பர் வாங்கிப் பேசியபோது அவர் மகள் எடுத்தாள். நைனா தை மாசமே பூட்டார்மா, நீங்க யாரு என்றாள்.

என்ன சொல்வது? என் பெயரைச் சொன்னேன். நாலு எழுத்தையும். அவளுக்குத் தெரியவில்லை.

சண்டை போட்டது தப்பு என்று சொல்லமாட்டேன். இன்னொரு மாணிக்கம் இன்றைக்கு எதிரே வந்து நின்று அப்படிச் சொன்னாலும் போடுவேன். எழுதியவள் நான். ஆனால் கடைசிவரை ஒரு எழுத்து சிந்தாமல் வைத்திருந்தது அந்த மனிதர்தான். அதையும் இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த வசனத்தின் இரண்டாம் பாதியை அதன் பிறகு நாற்பது விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. நான் எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். மாணிக்கம் சொன்னது எதுவோ, அது மட்டும் இவற்றில் இல்லை.